யமுனையும் காலித் தகரங்களும்

நேயர்களுக்கு வணக்கம். நடனக் கலைஞர் சந்திரலேகாவைப் பற்றிப் பேச அழைத்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது தண்ணீர். நடனத்துக்கும் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். சொல்கிறேன்.

1952. பரதம் கற்கச் சென்னைக்கு வந்த குஜராத்திப் பெண், காஞ்சீபுரம் எல்லப்பா பிள்ளையின் மாணவி, முதல்முறை மேடை ஏறுகிறார். ராயலசீமா பஞ்ச நிவாரணத்துக்காக நடந்த நிகழ்ச்சி அது. குரு பாடுகிறார். பாட்டில் யமுனை பெருகி ஓடுகிறது, தோழியர் நீராடுகிறார்கள், இவர் கையால் தண்ணீரை வாரி இறைக்கிறார். அப்போது பத்திரிகையில் பார்த்த படங்கள் மனதில் வந்துவிட்டன. பாளம் பாளமாக வெடித்த நிலம், சின்னச் சின்னத் தகர டப்பாக்களோடு தண்ணீருக்கு வரிசையில் நிற்கும் சனங்கள். அவர்களுக்காகத்தான் இந்த நடனம். இங்கேயோ மேடை முழுக்க நீர்!

அப்படியே உறைந்துபோனார். அந்த நொடியில் தான் இரண்டு ஆளாகப் பிரிந்துவிட்டதாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். லாரி வருமா என்று குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டாம். அவர் கடைசிவரை செய்த எல்லாவற்றையும் நான் அந்த நொடியோடுதான் சேர்த்துப் பார்க்கிறேன்.

சில ஆண்டுகள் ஆடிவிட்டு மேடையை விட்டு விலகினார். எழுத்து, சுவரொட்டி, பெண்கள் இயக்கம் என்று காலம் போனது. 1984இல் மும்பையில் நடந்த கிழக்கு மேற்கு நடனச் சந்திப்பு அவரைத் திரும்ப அழைத்துவந்தது. மறு ஆண்டு 'அங்கிகா'. பரதம், யோகா, கேரளப் போர்க்கலையான களரி மூன்றும் ஒரே மேடையில். சாமி கதை இல்லை, நாயகனுக்காக ஏங்கும் நாயகி இல்லை. அப்படியானால் மிச்சம் என்ன? உடம்பு.

நிற்க முடிந்தவர்கள் இப்போது எழுந்திருங்கள். குதிகால்களைச் சேர்த்து, முழங்கால்களைப் பக்கவாட்டில் விரித்து, பாதி உட்காருங்கள். முதுகு வளையக் கூடாது. அரைமண்டி இதுதான். ஒரு நிமிடம் இருந்து பாருங்கள், தொடை நடுங்கும். நகையும் கதையும் இல்லாவிட்டாலும் இந்த நிலையே ஒன்றைச் சொல்லும் என்று அவர் நம்பினார். முதுகெலும்பு, முதுகெலும்பு... அவருக்கு எல்லாம் அதிலிருந்துதான்.

1989இல் 'லீலாவதி'. பாஸ்கராச்சாரியரின் கணித நூலை நடனமாக்கினார். கணக்கை ஆடலாமா? நூலில் உள்ள ஒரு கணக்கைக் கேளுங்கள். வண்டுக் கூட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு கடம்பம்பூவுக்குப் போனது, மூன்றில் ஒரு பங்கு இன்னொரு பூவுக்கு, இவ்விரண்டின் வித்தியாசத்தைப் போல் மூன்று மடங்கு வேறொரு பூவுக்கு. மிஞ்சிய ஒரே வண்டு வாசனையில் மயங்கி வானில் அலைகிறது. மொத்தம் எத்தனை வண்டுகள்? இது ஏற்கெனவே பாதி நடனம்தான். விடையைப் போட்டுக்கொண்டே இருங்கள்.

நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். 2001இல் செய்த 'சரீரா'வைப் பற்றித்தான் நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். குண்டேச்சா சகோதரர்கள் பாடும் துருபத் என்ற வடஇந்திய இசையில் ஒரு பெண்ணும் ஓர் ஆணும் மிக மெதுவாக அசைவார்கள். ஆடிய பெண், கவிஞர் திஷானி தோஷி. சந்திரலேகாவிடம் ஆடிய பத்மினி செட்டூர் பிறகு தனக்கென்று ஒரு நடன மொழியை அமைத்துக்கொண்டவர். சந்திரலேகா 2006 டிசம்பர் 30 அன்று சென்னையில் காலமானார். பெசன்ட் நகர்க் கடற்கரையை ஒட்டிய அவர் வீட்டைப் பற்றியும் பேச வேண்டும், இன்னொரு முறை பார்ப்போம்.

வண்டுகள் 15. வணக்கம்.