கான்கிளேவ்: ஒரு வாக்குச்சீட்டு எப்படி எண்ணப்படுகிறது?

[காட்சி: இத்தாலியின் விட்டெர்போ, பழைய பாப்பரசர் மாளிகை]

கத்தோலிக்கத் திருச்சபையின் தலைவரான திருத்தந்தையை (பாப்பரசரை) கர்தினால்கள் எனும் உயர்நிலைக் குருக்கள் பூட்டிய அறையில் கூடித் தேர்ந்தெடுப்பதுதான் கான்கிளேவ். 1268 நவம்பரில் திருத்தந்தை நான்காம் கிளமெண்ட் இந்த ஊரில் இறந்தார். அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கக் கர்தினால்களுக்கு ஏறத்தாழ 2 ஆண்டு 9 மாதம் பிடித்தது. பொறுமையிழந்த ஊர்க்காரர்கள் அவர்களை உள்ளே வைத்துப் பூட்டினார்கள், சாப்பாட்டைக் குறைத்தார்கள், கூரையையும் பிரித்தார்கள். அப்படித் தேர்வானவர் பத்தாம் கிரகோரி. 1274இல் பிரான்சின் லியோனில் கூடிய திருச்சபைப் பொதுச்சங்கத்தில் அவர் அந்தப் பூட்டையே சட்டமாக்கினார். 3 நாளில் முடிவு வராவிட்டால் வேளைக்கு ஒரே பதார்த்தம். மேலும் 5 நாள் போனால் ரொட்டி, தண்ணீர், திராட்சை இரசம் மட்டும். சாப்பாட்டு விதி பின்னாளில் வழக்கொழிந்தது. பூட்டு இன்றும் இருக்கிறது.

கான்கிளேவ் விதிகள் வெறும் சடங்கு அல்ல. பலவும் பட்டுத் தெரிந்துகொண்டவை. 1159இல் ஒரே நேரத்தில் இருவர் தாமே திருத்தந்தை என்றார்கள். அதனால்தான் 1179இல் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு கட்டாயமானது. 2025இல் 133 கர்தினால்கள் வாக்களித்தார்கள், தேவைப்பட்டது 89.

[காட்சி: வாக்கெடுப்பு நடக்கும் வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயம், பீடத்தின் மேல் வாக்குக் கலம்]

இனி சீட்டைக் கவனியுங்கள். மேல்பாதியில் "உச்ச குருவாகத் தேர்ந்தெடுக்கிறேன்" என்று இலத்தீனில் அச்சாகியிருக்கும். கீழ்ப்பாதியில் ஒரே ஒரு பெயர், முடிந்தவரை தன் கையெழுத்து என்று தெரியாதபடி. இருமுறை மடித்து, எல்லாருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்து, பீடத்துக்குக் கொண்டுபோய் உறுதிமொழி கூறி, தட்டில் வைத்துக் கலத்துக்குள் சரிக்க வேண்டும். நோயுற்ற கர்தினாலின் அறைக்கு மூன்று கர்தினால்கள் பூட்டிய பெட்டியோடு போவார்கள். பூட்டுமுன் பெட்டி காலியென்று திறந்து காட்டுவார்கள். சாவி பீடத்திலேயே இருக்கும்.

எண்ணுவதும் மூன்று பேர். முதலில் பிரிக்காமலே எண்ணுகிறார்கள். வாக்காளர் எண்ணிக்கையோடு ஒத்துவராவிட்டால் அத்தனையையும் எரித்துவிட்டு உடனே மறுவாக்கெடுப்பு. இரண்டு சீட்டு ஒன்றாக மடிந்து, ஒரே பெயர் இருந்தால் ஒரு வாக்கு. வெவ்வேறு பெயர் என்றால் இரண்டுமே செல்லாது. மூன்றாமவர் பெயரை உரக்க வாசித்து, "தேர்ந்தெடுக்கிறேன்" என்ற சொல்லின் மேல் ஊசியால் குத்தி நூலில் கோக்கிறார். ஒரு சீட்டுகூட நழுவாது. பெயர் எழுதிய இடமும் கிழியாது. எத்தனை யோசனை இந்தச் சின்ன வேலைக்குள்! பிறகு வேறு மூவர் எல்லாவற்றையும் சரிபார்க்கிறார்கள்.

[காட்சி: இரண்டு அடுப்புகள், ஒரே புகைக்குழாய்]

1939 முதல் பயன்படும் வார்ப்பிரும்பு அடுப்பில் சீட்டுகள் எரிகின்றன. யாரும் தேர்வாகாவிட்டால் கரும்புகை, தேர்வானால் வெண்புகை. முன்பு கரும்புகைக்கு ஈர வைக்கோல் சேர்த்தார்கள். அது சரியாகப் புகையாமல் 1958இல் வெண்புகை என்றே மக்கள் ஏமாந்தார்கள், வானொலியும் அறிவித்துவிட்டது. இப்போது பக்கத்து அடுப்பில் இரசாயனக் கலவை எரிகிறது. கருப்புக்குப் பொட்டாசியம் பெர்குளோரேட், ஆந்த்ரசீன், கந்தகம். வெள்ளைக்குப் பொட்டாசியம் குளோரேட், லாக்டோஸ், குங்கிலியம் போன்ற பைன் பிசின்.

அப்படியும் தொடக்கத்தில் சில நிமிடம் சாம்பல் நிறமாகத் தெரியலாம். அதனால் 2005 முதல் வெண்புகையோடு பேதுரு பேராலய மணிகளையும் அடிக்கிறார்கள். நேரலையில் பார்க்கிறவர்கள் மணி கேட்கும்வரை காத்திருங்கள்.