கருப்புல இருந்து வெளிச்சத்தை எடுக்கிற மெஸோடின்ட்

வணக்கம் மக்களே. ஸ்கிரீன்ல தெரியிற இந்தக் கண்ணை நல்லா பாருங்க, கருவிழிக்குள்ள ஒரு மண்டை ஓடு தெரியுதா? எஷர்ங்கிற டச்சு கலைஞர் 1946ல பண்ண பிரின்ட் இது. கேமரா எதுவும் இல்ல, முழுக்க கையால ஒரு செப்புத் தகட்டுல பண்ணது, இதுக்குப் பேருதான் மெஸோடின்ட்.

மத்த செதுக்கு முறைல பெரும்பாலும் வெறும் தகட்டுல கோடு கோடா போட்டு இருட்டை சேர்ப்பாங்க. இதுல அப்படியே தலைகீழ், முதல்ல மொத்த தகட்டையும் கருப்பாக்கிடணும்!

அதுக்கு ராக்கர்னு ஒரு கருவி இருக்கு, வளைஞ்ச பிளேடு, விளிம்புல பொடிப்பொடியா பல்லு. அதை தகட்டு மேல வச்சு இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு ஆட்டிக்கிட்டே போகணும், ஒரு திசை முடிஞ்சா அடுத்த திசை, அப்புறம் குறுக்க, மறுபடி சாய்வா, இப்படி திரும்பத் திரும்ப. அம்மி கொத்துற மாதிரிதான், ஆனா கண்ணுக்கே தெரியாத அளவு பொடியா. ஒவ்வொரு பல்லும் ஒரு குழி போட்டு பக்கத்துல செம்பை பிசிறா எழுப்பி விட்டுடும், இங்க் போய் உக்காருறது அந்தக் குழியிலயும் பிசிர்லயும்தான். இந்த ஸ்டேஜ்ல பிரின்ட் எடுத்தா தாள் பூரா கருப்பு.

அப்புறம்தான் படமே ஆரம்பிக்குது. எங்க வெளிச்சம் வேணுமோ அங்க ஸ்கிரேப்பரால சுரண்டி பர்னிஷரால தேய்ச்சு வழவழப்பாக்குறாங்க. கொஞ்சமா சுரண்டினா அடர் சாம்பல், இன்னும் சுரண்டினா வெளிர் சாம்பல், பளபளன்னு தேய்ச்சா இங்க் நிக்காது, வெள்ளை. கன்னத்து மேல விழுற வெளிச்சம் மெதுவா நிழலா மாறுறதை கோடே இல்லாம காட்ட முடியுறது இதனாலதான், எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயமும் அதுதான்.

1642ல லுட்விக் ஃபொன் சீகன்ங்கிற ஜெர்மன் ராணுவ ஆள் ஆரம்பிச்சு வச்சாரு, அப்ப அவரு வெளிச்சத்துல இருந்து இருட்டுக்குத்தான் போனாரு. அப்புறம் இளவரசர் ரூபர்ட் இதை வளர்த்து இங்கிலாந்துக்குக் கொண்டு போனாரு. அங்க ரெனால்ட்ஸ்ங்கிற ஓவியர் வரைஞ்ச போர்ட்ரெய்ட் எல்லாம் மெஸோடின்டா ஊர் பூரா பரவி, கடைசில பிரெஞ்சுக்காரங்க இதை 'இங்கிலீஷ் பாணி'ன்னே கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க.

ஒரே பிரச்சனை, பிரஸ்ல அழுத்த அழுத்த பிசிறு நசுங்கிடும். 1820கள்ல ஸ்டீல் தகடு வந்தப்புறம்தான் நிறைய காப்பி எடுக்க முடிஞ்சது, ஜான் மார்ட்டின்ங்கிற ஆங்கில ஓவியர் மில்டனோட 'பாரடைஸ் லாஸ்ட்' காவியத்துக்கான படங்களை அதுலதான் பண்ணாரு. அதனால பழைய செப்புத்தகடு பிரின்ட் எங்கயாவது பார்த்தீங்கன்னா முதல்ல கருப்பைப் பாருங்க, ஆழமா இருந்தா தகடு புதுசா இருந்தப்ப எடுத்ததா இருக்கும், வெளிறி சாம்பலா இருந்தா பெரும்பாலும் தேய்ஞ்சப்புறம் எடுத்தது.