218 ஹிட் அடிச்ச செசில் ட்ராவிஸ்

வணக்கம். இன்னைக்கு நான் பேச வந்தது செசில் ட்ராவிஸ்னு ஒரு பேஸ்பால் ஆட்டக்காரரைப் பத்தி. வாஷிங்டன் செனட்டர்ஸ் டீமோட ஷார்ட்ஸ்டாப், அதாவது ரெண்டாவது பேஸுக்கும் மூணாவது பேஸுக்கும் நடுவுல நிக்கிறவர், பந்து தரையோட தரையா சீறிக்கிட்டு வர்ற இடம் அது.

ஹிட்னா பந்தை அடிச்சுட்டு அவுட் ஆகாம பேஸைப் போய்ச் சேர்றது. 1941னாலே ஜோ டிமாஜியோ தொடர்ந்து 56 மேட்ச்ல ஹிட் அடிச்சதையும் டெட் வில்லியம்ஸோட .406 ஆவரேஜையும்தான், அதாவது ஆயிரம் தடவை அடிக்க நின்னா 406 ஹிட்டுங்கற கணக்கைத்தான், சொல்லுவாங்க. ஆனா அந்த வருஷம் இவங்க ரெண்டு பேரையும் விட அதிகமா ஹிட் அடிச்சது ட்ராவிஸ்ங்க. 218. திரும்பச் சொல்றேன், 218.

அதே வருஷம் ஜூலை 8, டெட்ராய்ட்ல ஆல்-ஸ்டார் மேட்ச், ரெண்டு லீக்கோட சிறந்த ஆட்டக்காரங்க மோதுற மேட்ச். இவங்க மூணு பேரும் அமெரிக்கன் லீக் பக்கம். கடைசி இன்னிங்ஸ், இவங்க பக்கம் 5-3னு பின்தங்கி நிக்குது, மூணு பேஸ்லயும் ஆளு, ஒருத்தர் அவுட். டிமாஜியோ அடிச்ச பந்து தரையோட நேரா எதிர் டீம் ஷார்ட்ஸ்டாப் கைக்குப் போயிடுச்சு. ரெண்டாவது பேஸ்ல ஒருத்தரை அவுட் பண்ணி, அதே வேகத்துல முதல் பேஸுக்கு எறிஞ்சா இன்னொரு அவுட், மேட்ச் அவ்ளோதான். ரெண்டாவது பேஸுக்கு ஓடி வந்தது யாருன்னா நம்ம ட்ராவிஸ். தான் அவுட்டானா என்ன, முதல் பேஸுக்கு த்ரோ போகக்கூடாதுன்னு, ரெண்டாவது பேஸ்ல பந்தை வாங்கி எறிய நின்ன எதிர் டீம் பில்லி ஹெர்மன் காலுக்கு நேரா சறுக்கி விழுந்தாரு பாருங்க, த்ரோ கோணலாப் போச்சு, டிமாஜியோ தப்பிச்சாரு, ஒரு ரன்னும் வந்துச்சு. இப்போ 5-4. அடுத்து வில்லியம்ஸ் ஹோம் ரன், பேஸ்ல இருந்த ரெண்டு பேரோட சேர்த்து மூணு ரன், 7-5. வில்லியம்ஸ் துள்ளிக் குதிச்சு ஓடுனதை இன்னைக்கும் பேசுறாங்க, அந்த சறுக்கலைப் பேசுறவங்க கம்மி. எனக்கு அந்த சறுக்கல்தான் மேட்ச்சு.

1942 தொடக்கத்துல ரெண்டாம் உலகப் போருக்காக ராணுவம் கூப்பிட்டுடுச்சு. 76வது காலாட்படை டிவிஷன்ல ஐரோப்பாவுக்குப் போனாரு, அந்தக் கொடுமையான குளிர்ல பாதம் உறைஞ்சு ஆஸ்பத்திரியில கிடந்தாரு. 1945 கடைசியில திரும்பி வந்து ஆடுனா கை ஓடல. ஆவரேஜ் 1941ல .359, 1946ல .252, அடுத்த வருஷம் .216. ஆனா மனுஷன் காலைக் குத்தம் சொல்லவே இல்ல, நாலு வருஷம் ஆடாததுல டைமிங் போயிடுச்சுன்னுதான் சொன்னாரு.

நேரம் ஆச்சுன்னு கை காட்டுறாங்க. 1933ல முதல் மேட்ச்லயே அஞ்சு ஹிட் அடிச்ச கதையை விரிவா சொல்ல நினைச்சேன், முடியல. 1947 ஆகஸ்ட்ல வாஷிங்டன்ல அவருக்குன்னே ஒரு ராத்திரி கொண்டாடுனாங்க, பின்னால அமெரிக்க ஜனாதிபதி ஆன ஜெனரல் ஐசனோவரே வந்திருந்தாரு. அந்த சீசனோட 34 வயசுல ஆட்டத்தை விட்டுட்டு ஜார்ஜியாவுல பண்ணைக்குப் போயிட்டாரு. வணக்கம்.