எது முதல்ல தீரும்? ஆப்ப சோடாவும் வினிகரும் வச்சு லிமிட்டிங் ரீஏஜெண்ட்

வணக்கம் மக்களே. ஸ்டாய்க்கியோமெட்ரில, அதாவது வினையில எது எவ்வளவு சேரும், எவ்வளவு கிடைக்கும்ங்கற கணக்குல, பசங்க அதிகமா மார்க்கை விடுற இடம் லிமிட்டிங் ரீஏஜெண்ட், அதாவது முதல்ல தீர்ந்து வினையை நிறுத்துற பொருள். ரெண்டு பொருள் வினைபுரியுது, அதுல எது முதல்ல தீரும்? கிராமையும் கிராமையும் பக்கத்துல வச்சுப் பார்த்தா விடை வராது. மோலுக்கு, அதாவது துகள்களோட எண்ணிக்கையைச் சொல்ற அளவுக்கு, மாத்தியே ஆகணும்.

இங்க 10 கிராம் ஆப்ப சோடா இருக்கு, அதாவது சோடியம் பைகார்பனேட். பேக்கிங் பவுடரை எடுத்துடாதீங்க, அதுல அமிலமும் ஸ்டார்ச்சும் ஏற்கெனவே கலந்திருக்கும். பக்கத்துல 100 மில்லி வினிகர். லேபிள்ல 4 சதவீதம்னு போட்டிருக்கு பாருங்க. அப்போ இதுல அசிட்டிக் அமிலம் சுமார் 4 கிராம்தான், மிச்சம் பெரும்பாலும் தண்ணி. இதைப் பார்க்காம 100 கிராம் அமிலம்னு போட்டா அங்கயே கணக்கு போச்சு.

சோடாவோட மோலார் நிறை, அதாவது ஒரு மோலோட நிறை, 84 கிராம். பத்தை 84-ஆல வகுத்தா 0.119 மோல். அமிலத்துக்கு 60. நாலை 60-ஆல வகுத்தா 0.0667 மோல். சமன்பாட்டுல ஒரு மோல் சோடாவுக்கு ஒரு மோல் அமிலம், ஒண்ணுக்கு ஒண்ணு, அதனால அமிலம்தான் முதல்ல தீரும். தேவையான சோடா 0.0667 பெருக்கல் 84, அதாவது 5.6 கிராம். மீதி 4.4 கிராம் சும்மா நிக்கும். நடுவுலயே 0.07-னு முழுசாக்கிட்டா 5.9 வந்துடும், அதனால கடைசில மட்டும் ரவுண்ட் பண்ணுங்க.

இப்போ கொட்டுறேன். மெதுவா, நுரை பொங்கும். மூடி போட்ட பாட்டில்ல இதைச் செய்யவே கூடாது, வாயு அழுத்தத்துல வெடிச்சிடும். நுரை அடங்கிடுச்சு, நல்லா கலக்கிட்டேன், தெளிவா இருக்கு. எல்லாம் தீர்ந்துடுச்சுன்னு தோணும். இல்லை, மிச்ச சோடா தண்ணில கரைஞ்சு நிக்குது. இதோ, ஒரு ஸ்பூன் வினிகர் விடுறேன். மறுபடி பொங்குது பாருங்க! தீர்ந்தது அமிலம்தான்.

பொங்கி வந்த கார்பன் டை ஆக்சைடு வாயு எவ்வளவு? அதுவும் 0.0667 மோல்தான். 22.4-ஆல பெருக்காதீங்க, அது 0 டிகிரிக்கு உள்ள எண். 25 டிகிரில ஒரு மோலுக்கு 24.5 லிட்டர், அப்போ 1.63 லிட்டர். பலூன்ல பிடிச்சா இதைவிடக் கொஞ்சம் குறையும், ஏன்னா கார்பன் டை ஆக்சைடு தண்ணிலயும் கரையும்.

இது ஒண்ணுக்கு ஒண்ணுங்கறதால சுலபம். அம்மோனியாவுக்கு வாங்க, மாட்டுற இடம் இதுதான். ஒரு நைட்ரஜனுக்கு மூணு ஹைட்ரஜன், கிடைக்கிறது ரெண்டு அம்மோனியா. 28 கிராம் நைட்ரஜன், 5 கிராம் ஹைட்ரஜன் குடுத்திருக்காங்க. நைட்ரஜன் 1 மோல், ஹைட்ரஜன் 2.5 மோல். உடனே 'நைட்ரஜன்தான் கம்மி'னு எழுதிடுறாங்க. தப்பு. மோலை, சமன்பாட்டுல முன்னாடி நிக்கிற எண்ணால வகுத்துட்டு அப்புறம் ஒப்பிடுங்க. நைட்ரஜனுக்கு 1, ஹைட்ரஜனுக்கு 0.83. ஹைட்ரஜன்தான் முதல்ல தீரும்.

முழுசா வினை நடந்தா அம்மோனியா 1.667 மோல், பெருக்கல் 17, 28.3 கிராம். மீதி நைட்ரஜன் 4.7 கிராம். ரெண்டையும் கூட்டுங்க, 33. ஆரம்பத்துல போட்டதும் 28 கூட்டல் 5, அதே 33. பரீட்சையில இந்தக் கூட்டலுக்கு அரை நிமிஷம் ஒதுக்குங்க. ஒத்து வரலைன்னா முதல்ல சமன்பாடு சமன் ஆகியிருக்கான்னு பாருங்க, அப்புறம் மோலார் நிறையை. நைட்ரஜனுக்கு 28-க்குப் பதிலா 14 போட்டிருப்பீங்க.