ஆசிரியரின் நேரமும் மாணவரின் நலமும்

அவைத் தலைமை ஏற்றிருக்கும் தலைமையாசிரியர் அவர்களே, பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இங்கே வந்து அமர்ந்திருக்கும் பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாணவர் நலம் பற்றிப் பேசுமாறு என்னைக் கேட்டிருந்தார்கள். அந்தத் தலைப்போடு ஆசிரியர் நலத்தையும் சேர்த்துக்கொள்ள இசைவு கேட்டேன், மனமுவந்து கொடுத்தார்கள். நம் மாநிலத்தில் இவ்விரண்டையும் வெவ்வேறு மேடைகளில் பேசுவதே வழக்கமாகிவிட்டது. மாணவர் நலம் என்றால் மனநல மருத்துவர் ஒருவரை அழைத்து ஒரு மணி நேரம் பேச வைக்கிறோம். ஆசிரியர் நலம் என்றால் அது சங்கங்களின் கோரிக்கை என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் இரண்டும் நடப்பது ஒரே வகுப்பறையில். நேற்றுவரை கலகலப்பாக இருந்த பிள்ளை இன்று முகம் வாடிக் கடைசிப் பெஞ்சில் ஒதுங்கியிருந்தால், பள்ளியில் அதை முதலில் பார்க்கக்கூடியவர் வகுப்பாசிரியர்தான். அப்படிப் பார்ப்பதற்கு அவருக்கு நேரம் இருக்கிறதா என்பதே இன்று உங்கள் முன் நான் வைக்கும் கேள்வி.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் மட்டும் நாடு முழுவதும் 13,044 மாணவர்கள் தற்கொலையால் உயிரிழந்தார்கள். விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் படித்துவந்த மாணவி ஒருவரின் மரணம் தொடர்பான வழக்கில், 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் கல்வி நிறுவனங்கள் அனைத்துக்கும் பொதுவான வழிகாட்டு நெறிகளை வகுத்தது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் நிறுவனத்தில் பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்பது அவற்றுள் முக்கியமானது. ஆசிரியர்களுக்கும் பிற பணியாளர்களுக்கும் ஆண்டுக்கு இரு முறையாவது மனநலப் பயிற்சி தர வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது. மனதார வரவேற்க வேண்டிய தீர்ப்பு இது. ஆனால் நம் ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் மாணவர் எண்ணிக்கை 100 என்ற வரம்பை எட்டுவதே இல்லை. அங்கெல்லாம் ஆலோசகர், செவிலியர், எழுத்தர் ஆகிய எல்லாப் பொறுப்பும் ஆசிரியர் தலையிலேயே விழுகிறது.

ஈராசிரியர் பள்ளி ஒன்றின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 60 பிள்ளைகள் வரை படிக்கும் தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள், வகுப்புகளோ ஐந்து. அந்த இருவரில் ஒருவர் தலைமையாசிரியர். அவர் வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கோ பயிற்சிக்கோ போகும் நாளில், மற்றவர் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கையைப் பிடித்து ‘அ’ எழுத வைத்துக்கொண்டே ஐந்தாம் வகுப்புக்கு வகுத்தல் கணக்கும் சொல்லித்தர வேண்டும். இதற்கிடையில் பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவுத் தளமான எமிஸில் வருகைப் பதிவு, விலையில்லாப் பொருள்கள் வழங்கிய விவரம், உயரம், எடை, ஆதார், வங்கிக் கணக்கு என்று பதிவேற்ற வேண்டியவை காத்திருக்கும். இணையம் கிடைக்காத ஊரில் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி வகுப்புக்கு வெளியே நிற்கும் ஆசிரியரை, வேலை செய்யாமல் போன் பார்க்கிறார் என்று நாமே குறை சொல்லியிருக்கிறோம். அவர் பார்த்துக்கொண்டிருந்தது நம் பிள்ளையின் விவரத்தைத்தான். அதனால் அவரால் பார்க்க முடியாமல் போனது நம் பிள்ளையை.

கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவற்றைத் தவிர வேறு எந்தக் கல்விசாராப் பணியிலும் ஆசிரியர்களை ஈடுபடுத்தக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. ஆனால் பள்ளிக்கு உள்ளேயே பெருகும் பதிவுப் பணிக்கு அந்தப் பிரிவு வரம்பு எதுவும் விதிக்கவில்லை. ஒவ்வொரு நலத்திட்டமும் ஒரு புதிய படிவத்தோடுதான் பள்ளிக்குள் நுழைகிறது. திட்டத்தால் பிள்ளைக்கு நன்மை கிடைக்கிறது, மறுக்கவில்லை; ஆனால் அதே பிள்ளைக்குரிய ஆசிரியரின் நேரத்தை அந்தப் படிவம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறது.

இது தவிர்க்க முடியாதது என்று நான் நினைக்கவில்லை. காலை உணவுத் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் திருக்குவளையிலிருந்து மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் அது விரிவாக்கப்பட்டது. 1956இல் காமராசர் ஆட்சியில் தொடங்கிய மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும் போட்ட பாதையில் அடுத்த அடி அது. பசி ஆறிய பிள்ளை முதல் பாடவேளையில் தூங்கி விழுவதில்லை என்பதை இங்கே இருக்கும் ஆசிரியர்கள் எனக்குச் சொல்லத் தேவையில்லாதபடி அறிவார்கள். என் கவனத்தை ஈர்த்தது அதன் இன்னொரு சிறப்பு. ஊர்ப்புறங்களில் அந்த உணவைச் சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுவினர். பெரும்பாலும் அதே பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் தாய்மார்கள். பிள்ளைக்கு நன்மை செய்யும் ஒரு திட்டத்தை, அதற்கென ஆள்களை நியமித்து, அவர்களுக்கு ஊதியமும் கொடுத்து நடத்த அரசால் முடிந்திருக்கிறது. எமிஸ் பதிவுக்கும் அப்படி ஆள் வைக்க வேண்டும்; அதை அரைகுறையாக இல்லாமல், கடைக்கோடித் தொடக்கப் பள்ளி வரையில் செய்து முடிக்க வேண்டும்.

உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் நேரத்தைத் தின்பது தேர்ச்சி விழுக்காடு. பொதுத்தேர்வில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் முறையை 2017இல் தமிழக அரசு கைவிட்டது நல்ல முடிவு. ஆனால் பள்ளிக்குப் பள்ளி தேர்ச்சியை ஒப்பிட்டுத் தலைமையாசிரியரை நிற்க வைத்துக் கேள்வி கேட்கும் மீளாய்வுக் கூட்டங்கள் ஓயவில்லை. அங்கே சுடுசொல் கேட்டுத் திரும்பும் தலைமையாசிரியர் பாட ஆசிரியரைக் கடிந்துகொள்கிறார். அவர் ‘மெல்லக் கற்போர்’ என்று பட்டியலிடப்பட்ட பிள்ளைகளைக் காலையிலும் மாலையிலும் சிறப்பு வகுப்பில் உட்கார வைக்கிறார். விளையாட்டுப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொள்கிறார். மேலே சொல்லப்பட்ட ஒரு சொல் படிப்படியாக இறங்கி, கடைசியில் பதினைந்து வயதுப் பிள்ளையின் மேல் வந்து விழுகிறது. திருப்பிச் சொல்ல அந்தப் பிள்ளைக்குக் கீழே யாருமில்லை.

உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது. இதில் எந்தச் சமரசத்துக்கும் இடமில்லை. களைப்பும் அழுத்தமும் ஒரு பிள்ளையை அடிப்பதற்கு நியாயம் ஆகா. அதே வேளையில், பிரம்பைக் கீழே வைக்கச் சொன்ன நாம், ஐம்பது பேர் இருக்கும் வகுப்பில் சினம் கொண்ட ஒரு மாணவனை எப்படி அமைதிப்படுத்துவது என்பதை ஆசிரியருக்குப் போதிய அளவில் கற்றுத்தரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நாங்குநேரியை இங்கே குறிப்பிடாமல் போவது முறையாகாது. 2023 ஆகஸ்டில் அங்கே ஒரு மாணவனும் அவனைக் காக்க வந்த தங்கையும் வீட்டுக்குள்ளேயே அரிவாளால் வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்கள் உடன் படித்த மாணவர்கள். சாதியின் பெயரால் அந்த மாணவன் பட்ட துன்பம் பள்ளிக்குள் பல நாள்களாக வளர்ந்த ஒன்று. அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. கையில் கட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை என்ற பரிந்துரைதான் செய்திகளில் பெரிதாகப் பேசப்பட்டது. 500 மாணவர்களுக்கு மேல் படிக்கும் பள்ளிகளில் பள்ளி நல அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்ற பரிந்துரை அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. என் பார்வையில் அதுவே அதிக மதிப்புடையது. கயிற்றை ஒரே நாளில் அறுத்துவிடலாம்; யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிட மறுக்கிறார்கள், யார் ஒரு வாரமாகப் பள்ளிக்கு வரவில்லை, ஏன் வரவில்லை என்பதைக் கவனிக்க நாள்தோறும் ஓர் ஆள் வேண்டும்.

ஆசிரியரின் மனதில் இருக்கும் அச்சத்தையும் சொல்ல வேண்டும். 2025 செப்டம்பர் 1 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, ஓய்வு பெற ஐந்தாண்டுகளுக்கு மேல் இருக்கும் ஆசிரியர்கள் பணியில் தொடர ஆசிரியர் தகுதித் தேர்வில் வெற்றி பெற வேண்டும் என்று சொன்னது. இருபது ஆண்டுகள் பாடம் நடத்தியவர்கள் இரவில் பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டுத் தேர்வுக்குப் படிக்கும் நிலை வந்தது. தரம் வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. வேலை நிலைக்குமா என்று அஞ்சும் மனம் பிறர் பிள்ளையின் அச்சத்தைக் கேட்கும் பொறுமையை எங்கிருந்து பெறும் என்றுதான் கவலைப்படுகிறேன். ஓவியமும் தையலும் உடற்கல்வியும் கற்றுத்தர 2012இல் தொகுப்பூதியத்தில் நியமிக்கப்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் பணி நிரந்தரம் கேட்டு இன்றும் போராடுகிறார்கள். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே கற்கும் பாடங்கள் இவர்களிடம்தான் இருக்கின்றன. தனியார் பள்ளிகள் சிலவற்றில் அசல் சான்றிதழ்களை நிர்வாகத்திடம் ஒப்படைத்துவிட்டு, குறைந்த சம்பளத்துக்கு வாய் திறவாமல் உழைக்கும் ஆசிரியைகளுக்கோ போராடவும் வழியில்லை.

இனி, நம் கையில் இருப்பதைப் பேசுவோம். மாணவர்களுக்கு 14417 என்ற கல்வி உதவி எண்ணும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் இருப்பதைச் சுவரில் எழுதியிருக்கிறீர்கள். 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண்ணையும் அதோடு சேர்த்து எழுதுங்கள். ஆசிரியர்களும் அதில் தமிழிலேயே பேசலாம் என்பதை ஓய்வறையிலும் எழுதி வையுங்கள். தலைமையாசிரியர் அவர்கள் கால அட்டவணை போடும்போது, ஒவ்வொரு வகுப்பாசிரியருக்கும் வாரத்தில் ஒரு பாடவேளையைப் பாடமும் பதிவும் இல்லாமல், தம் வகுப்புப் பிள்ளைகளோடு பேசுவதற்கென்றே ஒதுக்கித் தர வேண்டுகிறேன். விளையாட்டுப் பாடவேளையை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

பெற்றோர்களே, பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோராகவும் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தக் குழுவின் அடுத்த கூட்டத்தில் கழிப்பறை, சுற்றுச்சுவர் பற்றிப் பேசிய பிறகு இன்னும் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: போன மாதம் நம் ஆசிரியர்கள் எத்தனை பாடவேளைகள் வகுப்பை விட்டு வெளியே இருக்க நேர்ந்தது, எந்தெந்த வேலைக்காக? கிடைக்கும் விடையைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, எல்லாரும் கையெழுத்திட்டு, ஒரு படியை வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்புங்கள். அதற்கடுத்த மாதமும் அனுப்புங்கள். நன்றி, வணக்கம்.