எண்ணி முடித்ததும் ஒரு கேள்வி

எல்லோருக்கும் வணக்கம். பண்டிகை முடிந்த கையோடு வீடு நிறைய மிட்டாய் கிடக்கும், பிள்ளைகள் கண்ணில் படாமல் அதை எங்கே ஒளித்து வைக்கலாம் என்றுதான் நாம் அலைவோம். ஒளிப்பதற்கு முன்னால் ஒரு பிடி அள்ளித் தட்டில் கொட்டுங்கள், பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

நான்கு வயதுப் பிள்ளை இருபது வரை மூச்சு விடாமல் ஒப்பிக்கும், நாமும் கணக்கு வந்துவிட்டதென்று பூரித்துப் போவோம். அது மனப்பாடம்தான். ஏழு மிட்டாயை எண்ணச் சொல்லிப் பாருங்கள், விரல் ஒரு பக்கம் போகும், வாய் ஒரு பக்கம் ஓடும், ஒரே மிட்டாய்க்கு "நாலு, அஞ்சு" இரண்டும் விழும். எண்ணியதைத் தள்ளி வைக்கச் சொன்னால் இது சரியாகிவிடும். அப்புறம்தான் முக்கியமான கேள்வி: "அப்போ மொத்தம் எத்தனை?" பல பிள்ளைகள் பதில் சொல்லாமல் மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். கடைசியாகச் சொன்ன "ஏழு" அந்தக் கடைசி மிட்டாயின் பெயர் இல்லை, தட்டில் இருக்கும் அத்தனைக்கும் சேர்த்துத்தான் என்பது இன்னும் பிடிபடவில்லை. "எனக்கு அஞ்சு கொடு" என்று கை நீட்டினாலும் தெரிந்துவிடும், எண்ணாமல் ஒரு கொத்தாக அள்ளிக் கொடுக்கும். அதட்டாதீர்கள், அதையே சேர்ந்து எண்ணுங்கள்.

மிட்டாய்தான் வேண்டுமா, புளியங்கொட்டை போதாதா என்று கேட்பீர்கள். போதும், ஆனால் பிள்ளைக்கு அதில் அக்கறை இருக்காது. ஒரே எண்ணிக்கையுள்ள இரண்டு வரிசையில் ஒன்றை இடைவெளி விட்டுப் பரப்பினால், நீளமாகத் தெரிவதில்தான் அதிகம் இருக்கிறது என்று சின்னப் பிள்ளைகள் சொல்வதை, பிள்ளைகளின் சிந்தனையை ஆராய்ந்த உளவியலாளர் ழான் பியாஜே காட்டியிருந்தார். 1967-இல் ழாக் மெலர், தாமஸ் பெவர் என்ற இரண்டு உளவியலாளர்கள் நெருக்கமாக ஆறு, பரப்பி நான்கு என்று மிட்டாயை வைத்து, பிடித்த வரிசையை எடுத்துச் சாப்பிடச் சொன்னார்கள். பெரும்பாலான பிள்ளைகள் ஆறு இருந்த வரிசையைத்தான் எடுத்தார்கள், அவர்களில் இரண்டு வயதுப் பிள்ளைகளும் உண்டு! அதை மறுத்துப் பேசியவர்களும் இருக்கிறார்கள். ஆனால் தனக்குக் கிடைக்கப்போவது என்றால் பிள்ளை எவ்வளவு கூர்ந்து பார்க்கும் என்பது பெற்றவர்களுக்குத் தெரியாததா?

நிறம் பிரிக்கலாம், வரிசையாக அடுக்கி எது நீளம் என்று பார்க்கலாம், அதெல்லாம் பிள்ளைகள் தாமாகவே செய்துகொள்ளும். ஆனால் சரியான பதிலுக்கு மிட்டாய், தப்பான பதிலுக்கு இல்லை என்று மட்டும் வைக்காதீர்கள், பிள்ளை கணக்கை விட்டுவிட்டு நம் முகத்தைப் பார்த்துப் பதில் தேட ஆரம்பிக்கும். அப்புறம், உருண்டையான கெட்டி மிட்டாய் தொண்டையில் அடைத்துக்கொள்ளும், நான்கு வயதுக்குக் கீழே இருந்தால் அதைக் கையிலேயே கொடுக்காதீர்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது பங்கு போடுவது. ஏழு மிட்டாய், இரண்டு பிள்ளைகள். "உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு" என்று போய்க் கடைசியில் ஒன்று மிஞ்சும், அப்போது இருவரும் நம்மைப் பார்ப்பார்கள். நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருவர் உடைக்கலாம் என்பார், உடைத்ததும் "எனக்குப் பெரிய பாதி" என்று சண்டை வரும். பாதியில் பெரிய பாதி உண்டா என்று கேட்டுவிட்டு, அவர்கள் இரண்டு துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்து பார்க்கும்வரை பேசாமல் இருங்கள்.