பசிப்பிணி மருத்துவருக்கு ஒரு முக்காலி

விழாத் தலைவர் அவர்களே, திருக்கோயில் அறங்காவலர் பெருமக்களே, நம் யாங்கோன் நகரின் மொகல் தெருவிலும் அனோரத்தா சாலையிலும் தலைமுறையாகச் சாப்பாட்டுக்கடை நடத்திவரும் உரிமையாளர்களே, தமிழ் வகுப்பு ஆசிரியைகளே, விடியுமுன் வந்து வாழைமரம் கட்டிய இளைஞர்களே, அண்டா இறக்கும் வேலையால் ஒலிபெருக்கி வழியே மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும் சமையல் மாஸ்டர்களே, அனைவருக்கும் வணக்கம். தலாவிலிருந்து ஆறு கடந்து வந்திருக்கும் பெரியவர்களுக்குத் தனி வணக்கம்.

சாப்பாட்டுக்கடையில் பரிமாறும் முதியவர்களுக்கு விளையாட்டாகப் பட்டம் சூட்டுவது பற்றிப் பேசச் சொன்னார்கள். பெயர், கால், காசு என்று மூன்றையும் தொட்டுப் பேசுகிறேன்.

ஒரு கடைக்குள் நுழைந்து பாருங்கள். மாவு வீசுகிறவர் பரோட்டா மாஸ்டர். டீ ஆற்றுகிறவர் டீ மாஸ்டர். பர்மியரும் அவரைச் 'சயா' என்கிறார்கள், ஆசிரியர் என்று பொருள். கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் முதலாளி. இலை போட்டு, தண்ணீர் தெளித்து, யாருக்குக் காரம் ஆகாது என்று நினைவில் வைத்திருக்கும் அறுபது வயதுக்காரர் மட்டும் 'தம்பி'. பர்மியக் கடையானால் 'ஞீலே', அதுவும் தம்பிதான். பாரீசிலும் கதை இதுவே. பரிமாறுவோர் தட்டேந்தி நடக்கும் பந்தயத்தை அங்கே 1914-இல் தொடங்கினார்கள்; இடையில் நின்றுபோனதை 2024-இல் மறுபடி 2 கிலோமீட்டர் தூரத்துக்கு நடத்தினார்கள். அப்படிக் கொண்டாடும் ஊரிலும் அவருக்குப் பழைய பெயர் 'கார்சோன்', அதாவது பையன்.

ஆகவே பட்டம் வேண்டும். பில் எழுதாமல் ஆறு பேர் சாப்பிட்டதை ஒப்பிக்கிறவர் கணக்குப் புலவர். முழங்கையில் நான்கு தட்டு அடுக்கி வருகிறவர் அடுக்கு வித்தகர். இலையின் நுனி சாப்பிடுகிறவருக்கு இடப்பக்கம் இருக்கிறதா என்று பார்த்துத் திருத்துகிறவர் இலை நாட்டாமை. மூவரும் சேர்ந்தால் பசியாற்றுப் படை! கேலி எங்கே மரியாதையாகிறது என்றால், அவருடைய கைத்திறமையைப் பட்டம் சொல்லும்போது. 'தாத்தா', 'சீனியர்' என்று வயதைச் சொன்னால் அது பட்டமில்லை, குத்தல். ஒரே மூச்சில் கூப்பிட வர வேண்டும். சூட்டிக்கொள்கிறவர் சம்மதிக்க வேண்டும். பட்டம் எழுதிய வில்லையைச் சட்டையில் ஊக்கால் குத்தாதீர்கள். குனியும்போது தொங்கி ரசத்தில் விழும். சட்டைப் பைக்கு மேல் தைத்துவிடுங்கள். மேலே பர்மிய எழுத்து, கீழே தமிழ். பெயருக்கு முன்னால் ஆணுக்கு 'ஊ', பெண்ணுக்கு 'டோ'. வயதுக்குரிய மரியாதையைப் பர்மிய மொழியே கையில் கொடுத்திருக்கிறது.

ஆனால் நம் தெலுங்கு அண்டை வீட்டார் சொல்லி நம் வாயிலும் ஒட்டிக்கொண்ட பழமொழி ஒன்று உண்டு. பேரு பெத்த பேரு, தாக நீலு லேது. பேரோ பெரிய பேர், குடிக்கத் தண்ணீர் இல்லை.

பட்டங்களிலே மூத்த பட்டம் எது? புறநானூற்றின் 173-ஆம் பாட்டுக்குப் போவோம். பாடியவர் புலவரல்லர், சோழன், குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன். பாடப்பட்டவன் சிறுகுடி என்ற ஊரின் தலைவன் பண்ணன். அரசன் ஒரு பாணனாகத் தன்னைப் பாவித்துக்கொண்டு, பசியோடு அந்த ஊர்ப்பக்கம் வருகிறான். பழுத்த மரத்தில் பறவைகள் கூடினாற்போல, உண்கிறவர்களின் ஆரவாரம் காதில் விழுகிறது. எதிரே சிறுவர்கள் வரிசையாக வருகிறார்கள். எப்படி வரிசை? மழைக்கு முன் முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறும் சிற்றெறும்பு வரிசை! ஒவ்வொரு கையிலும் சோறு. அதைக் கண்ணால் கண்ட பிறகும் பசி விடவில்லை; மறுபடி மறுபடி கேட்கிறான்: "பசிப்பிணி மருத்துவன் இல்லம் அணித்தோ சேய்த்தோ?" பக்கமா, தூரமா, சொல்லுங்களப்பா! நான் வாழும் நாளையும் சேர்த்துப் பண்ணன் வாழட்டும் என்றும் சொல்கிறான். முடிசூடிய மன்னன், சோறு போட்டவனுக்குத் தன் ஆயுளை எழுதி வைக்கிறான். மருத்துவன் பண்ணன்தான், மறுக்கவில்லை. அந்தச் சிறுவர்களின் கையில் சோற்றை வைத்த கை யாருடையது? பாட்டில் அவர் இல்லை. அவருக்கும் அந்தப் பட்டத்தில் பங்கு உண்டு என்பது என் கட்சி.

இனி கால். 5 லிட்டர் சாம்பார் வாளி 5 கிலோவுக்குக் குறையாது, வாளியின் எடை தனி. 30 இலைப் பந்தியில் சாம்பார், ரசம், மோர் மூன்றுக்கு மட்டும் 90 தடவை குனிய வேண்டும். பெரியவர் கையில் பாதி வாளி கொடுங்கள், இரண்டு நடை வரட்டும். நடப்பது கெடுதலில்லை, கெண்டைக்கால் சதை சுருங்கி இரத்தத்தை மேலே தள்ளும். பந்திக்கும் பந்திக்கும் நடுவே சுவரோரம் அசையாமல் நிற்பதுதான் கெடுதல். இரத்தம் கீழே தேங்கும், கணுக்கால் வீங்கும், நரம்பு புடைக்கும். காதும் இப்படித்தான். பர்மிய டீக்கடையில் இனிப்பு டீ 'சோ செய்ன்', கடுப்ப டீ 'ஜா செய்ன்'. இரண்டு பெயருக்கும் வால் ஒன்று, தலைதான் வேறு. ஃபேன் இரைச்சலில் வயதான காது அந்தத் தலையைத்தான் தவறவிடும். இனிப்புக் கேட்டவருக்குக் கடுப்பம் போய்விடும். சொன்னதைத் திருப்பிச் சொல்லும் வழக்கம் இருந்தால் இந்தத் தப்பு நடக்காது.

உட்காரச் சொன்னால், டீக்கடையின் குட்டைப் பிளாஸ்டிக் முக்காலியைக் காட்டுகிறோம். இளவட்டத்துக்கு அது சரி. தேய்ந்த முழங்கால் அதிலிருந்து எழும்பாது. மேசையைப் பிடித்து எழுவார், மேசை சாயும். வேண்டியது 65 முதல் 70 சென்டிமீட்டர் உயர முக்காலி. கால் வைக்க ஒரு குறுக்குச் சட்டம். தரை ஈரம் என்பதால் அடியில் ரப்பர். போடும் இடம், கதவு திறந்தால் இடிக்காதபடி, சமையற்கட்டு ஜன்னலுக்கும் முதல் மேசைக்கும் நடுவில். பாதி உட்கார்ந்து பாதி நிற்கலாம். கூப்பிட்டதும் ஒரே அசைவில் எழலாம். இதைச் செய்யாமல் பட்டம் மட்டும் தைத்தால், பேரு பெத்த பேரு, தாக நீலு லேது.

உரிமையாளர்களே, உங்களை வணங்கிக் கேட்கிறேன். கடைக்கு ஒரு முக்காலி. வாசலில் அலங்கார விளக்கு மாட்டும் செலவில் ஒரு பகுதிதான். தச்சரிடம் ஒன்றாகச் சொன்னால் இன்னும் குறையும்.

காசைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன். பந்தி தயார் என்று பின்கட்டிலிருந்து ஆள் வந்துவிட்டது. இன்று நமக்குப் பரிமாறப்போகிற பெரியவர்களிடம், எந்தப் பட்டம் பிடிக்கிறது, எந்த உயரம் வசதி, இரண்டையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இளைஞர் அணியிடம் அளவுநாடா இருக்கிறது. வணக்கம்.